மஞ்சள் சட்டைக்காரர்

1975 ஏப்ரல் 5, சனிக்கிழமை. டோக்கியோ நகரத்துப் பொடியன்கள் வழக்கம்போல ராத்திரி ஏழரை மணிக்கு டி.வி. முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுடைய அபிமான நாயகன் 'காமென் ரைடர்' மோட்டார் சைக்கிளில் பறந்து வரவேண்டிய நேரம் அது. ஆனால், அன்றைக்கு ஆளைக் காணோம்! அவருக்குப் பதிலாக, தலையிலிருந்து கால்வரை வண்ண உடை அணிந்த ஐந்து பேர் வரிசையாக வந்து நின்றார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை!

காமென் ரைடர் எங்கே போனார்? வேறு சேனலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அதே நாளில், அரை மணி நேரம் முன்னதாகவே அவருடைய புதிய தொடர் அங்கே ஆரம்பித்திருந்தது. இதற்குப் பின்னால் இருந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. ஜப்பானில் டி.வி. நிலையங்களுக்குப் பின்னால் பெரிய தினசரிப் பத்திரிகைகளின் பணமும் செல்வாக்கும் இருந்தன. டோக்கியோவில் ஒரு பத்திரிகையின் ஆதரவில் இருந்த நிலையம், ஒசாகாவில் போட்டிப் பத்திரிகையின் நிலையத்தோடு கைகோத்துக்கொண்டிருந்தது. ரொம்ப வருஷமாக நீடித்த இந்தச் சிக்கலுக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர், 'குடல் முறுக்கல்'! 1975 வசந்தத்தில் அந்த முறுக்கை ஒருவழியாகப் பிரித்து, ஜோடியை மாற்றினார்கள். விளைவு? காமென் ரைடரைத் தயாரித்து வந்த ஒசாகாவின் 'மைனிச்சி' நிலையம் கூட்டணி மாறியபோது, ரைடரையும் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டது. டோக்கியோவின் 'நெட்' நிலையத்துக்கு (இன்றைய டி.வி. அசாஹி இதுதான்) சனிக்கிழமை ஏழரை மணி காலி.

ரைடர் தொடரை எடுத்துக் கொடுத்து வந்த 'டோயே' கம்பெனிக்கு இதில் நஷ்டம் ஏதும் இல்லை. அங்கே ரைடரையும் எடுக்கலாம், இங்கே புதுசாகவும் ஒன்று எடுக்கலாம்! அதே தயாரிப்பாளர் ஹிராயமா, ரைடரைப் படைத்த அதே காமிக்ஸ் மேதை ஷோடாரோ இஷினோமோரியிடம் போனார். புதிதாக ஏதாவது வேண்டும். ஒற்றை ஆள் வீரத்தைத்தான் எதிர்ச் சேனலில் இவர்களே காட்டிக்கொண்டிருக்கிறார்களே... அப்படிப் பிறந்ததுதான் 'கோரேஞ்சர்'. 'கோ' என்றால் ஜப்பானிய மொழியில் ஐந்து.

ஐந்து பேர் கொண்ட குழு என்பது அப்போதே புதுச் சரக்கு இல்லை. 1972-லேயே 'காட்சாமன்' என்ற கார்ட்டூன் தொடரில் ஐந்து பேர் பறந்து பறந்து சண்டை போட்டிருந்தார்கள். இன்னும் பின்னால் போனால், 1862-ல் அரங்கேறிய ஒரு கபுகி நாடகத்தில் ஐந்து திருடர்கள், கையில் குடையோடு வரிசையாக நின்று, ஒவ்வொருவராகத் தன் பெயரையும் பெருமையையும் அலட்டலாகச் சொல்லும் காட்சி ஜப்பானில் பிரசித்தம். வில்லன் எதிரே நிற்கும்போது, அவசரமே இல்லாமல் ஐந்து வீரர்களும் ஒவ்வொருவராகப் போஸ் கொடுத்துப் பெயர் சொல்கிறார்களே, 'அதுவரை வில்லன் என்ன, வேடிக்கை பார்ப்பானா?' என்று நாம் சிரிப்போமே... அந்தக் கபுகியின் வாரிசுதான் இதுவும்!

ஆனால், கோரேஞ்சர் கதையின் தொடக்கத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். 'ஈகிள்' என்ற பாதுகாப்பு அமைப்புக்கு ஜப்பானில் ஐந்து கிளைகள். 'கருஞ்சிலுவைப் படை' ஒரே நேரத்தில் ஐந்தையும் தாக்கி அழிக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஓர் ஆள்தான் உயிரோடு மிச்சம். அந்த ஐந்து பேர்தான் நம் ஹீரோக்கள். அதாவது, இவர்கள் கூடிப் பழகிய நண்பர்கள் அல்ல. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒவ்வொருவரும் தன் சகாக்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர். சிவப்பு உடைத் தலைவர் கைஜோவுக்கு அதிலும் ஒரு படி மேலே. அவருடைய சொந்த அண்ணனே அந்தத் தாக்குதலில் பலி. குழந்தைகள் தொடர்தான். ஆனால், அஸ்திவாரம் இழவு வீடு.

அந்தக் கனத்தைத் தாங்க ஒரு ஆள் தேவைப்பட்டார். அவர்தான் மஞ்சள் சட்டைக்காரர்!

கியூஷு தீவிலிருந்து வந்த டைட்டா ஓய்வா. அதாவது 'கிரேஞ்சர்'. நல்ல பருமன். ஜூடோ தெரிந்த பலசாலி. தலைநகரத்து ஆசாமிகள் நடுவே ஊர்ப்பக்கத்துப் பேச்சைக் கூச்சமில்லாமல் பேசுகிறவர். குழுவின் ரகசியத் தலைமையகம் ஒரு சிற்றுண்டிக் கடைக்குக் கீழே இருந்தது. மேலே கடையில் உட்கார்ந்து, தட்டுத் தட்டாகக் குழம்பு சோறு சாப்பிடுவதுதான் ஓய்வாவின் பிரதானப் பொழுதுபோக்கு. (ஜப்பானியர்கள் அதை 'கரே' என்பார்கள். நம்ம ஊர் 'கறி', வெள்ளைக்காரன் கப்பலில் ஏறி அங்கே போய்ச் சேர்ந்த கதை தனி!) இதனால் ஜப்பானில் 'மஞ்சள் வீரன் என்றால் சாப்பாட்டு ராமன்' என்பது கிட்டத்தட்டப் பழமொழி ஆகிவிட்டது. அதே ஆள் இயந்திர சமாசாரங்களில் கெட்டிக்காரர் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள்.

உங்கள் ஆபீஸில், கல்லூரி நண்பர் கூட்டத்தில், ஏன் குடும்பத்திலேயேகூட இப்படி ஒருவர் இருப்பார். மீட்டிங்கில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார். எல்லோரும் அவரைக் கிண்டலடிப்பார்கள். அவர் நான்கு நாள் லீவில் போனால்தான் ஆபீஸில் சண்டை ஆரம்பிக்கும்!

கோரேஞ்சரிலும் அது நடந்தது. ஓய்வாவாக நடித்த பாகு ஹட்டகெயாமா, மேடை நாடக வேலைக்காகச் சில காலம் தொடரிலிருந்து விலகவேண்டியிருந்தது. கதையில் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்து அனுப்பிவிட்டு, குமானோ என்ற புது ஆளை மஞ்சள் உடைக்குள் நுழைத்தார்கள். அவரும் பருமன், அவரும் பலசாலி, அவரும் தமாஷ் பேர்வழி. ஆனால், ஹட்டகெயாமா திரும்பி வந்ததும் கதாசிரியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குமானோவை ஊருக்கு அனுப்பவில்லை. சண்டையில் சாகடித்தார்கள். ஐந்து பேருக்கு மேல் இடமில்லை என்ற கணக்கு அவ்வளவு கறாராக இருந்தது. பழைய மஞ்சள் சட்டைக்காரர் வந்து தன் இடத்தில் நின்றார்.

இரண்டு வருஷம், 84 பகுதிகள் ஓடி 1977 மார்ச்சில் கோரேஞ்சர் முடிந்தது. குழந்தைகளைச் சிரிக்கவைத்த ஹட்டகெயாமா, அடுத்த வருஷமே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பதுகளின் நடுவில்தான் வயது. 'எப்போதும் சிரிக்கவைக்கிற ஆளுக்கு ஒன்றும் ஆகாது' என்று நாம் ஏன் நினைத்துக்கொள்கிறோம்?

இங்கே கொஞ்சம் விலகி, அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக்குப் போய்வரலாம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத அறிஞர் கர்ட் லெவின். 'குழுவுக்கு என்று தனியாக ஒரு மனசு இயங்குகிறது' என்பதை ஆராய்ந்த முன்னோடி. 1930-களின் கடைசியில், அவரும் சகாக்களும் பத்து வயதுச் சிறுவர்களை ஐந்தைந்து பேராகச் சேர்த்துச் சின்னச் சின்ன கிளப்கள் நடத்தினார்கள். அங்கே பையன்களுக்குக் கொடுத்த முக்கியமான வேலை என்ன தெரியுமா? முகமூடி செய்வது! ஐந்து பேர், முகமூடி... தற்செயல்தான், ஆனால் எனக்கு இது ரொம்பப் பிடித்த தற்செயல்.

ஒரு கிளப்பில் தலைவர் சர்வாதிகாரி. என்ன செய்யவேண்டும், யாரோடு செய்யவேண்டும், எல்லாம் அவர் உத்தரவு. இன்னொன்றில் எல்லோரும் பேசி முடிவெடுப்பார்கள், தலைவர் கூடவே இருந்து கைகொடுப்பார். மூன்றாவது வகையில் தலைவர் சும்மா உட்கார்ந்திருப்பார், எவன் எப்படிப் போனாலும் கவலையில்லை. சர்வாதிகாரி இருந்த கிளப்பில் வேலை ஜரூராக நடந்தது, அவர் அறையைவிட்டு வெளியே போகும்வரை! போனதும் வேலை நின்றது. அது மட்டுமல்ல. தலைவரிடம் காட்டமுடியாத ஆத்திரத்தைத் தங்களுக்குள்ளேயே ஒருவன்மேல் இறக்கினார்கள் பையன்கள். ஒருவனைத் தனியாகப் பிடித்து எல்லோருமாகச் சேர்ந்து வறுத்தெடுப்பது. பேசி முடிவெடுத்த கிளப்பிலோ, தலைவர் வெளியே போனபிறகும் முகமூடி தயாராகிக்கொண்டே இருந்தது.

கோரேஞ்சரைப் படைத்தவர்கள் லெவினைப் படித்தார்களா என்பது நமக்கு முக்கியமில்லை. ஆனால், அவர்கள் அமைத்த கடைசி அடி இருக்கிறதே... ஒரு பந்து! இளஞ்சிவப்பு உடை பெக்கி தொடங்கிவைப்பாள் (வெடிமருந்து நிபுணி இவள், ஹீரோ காப்பாற்றுவதற்காகக் கத்துகிற ரகம் அல்ல). பந்து ஒவ்வொருவராகக் கை மாறி, கால் மாறி, கடைசியில் சிவப்பு உதைப்பார். வில்லன் காலி. தலைவர் உதைக்கிறார் என்பது வாஸ்தவம். ஆனால், நான்கு பேர் தொடாத பந்து அவர் காலுக்கு வராது.

'ஐந்து வண்ணம்' சூத்திரம் பிடித்துப்போய், ஆண்டுக்கு ஒரு குழு என்று இந்த வரிசை வளர்ந்தது. 'சூப்பர் சென்டாய்' என்று பெயரும் வந்தது. 1979-லிருந்து ராட்சத ரோபோ சேர்ந்தது. 1984-ல் வந்த 'பயோமேன்' குழுவில் முதல்முறையாக இரண்டு பெண்கள். இதில் மஞ்சள் உடைக்காரி மீகா. பத்து வாரத்துக்குள் அந்த நடிகை தொடரைவிட்டு விலகிவிட்டார். கதாசிரியர்கள் என்ன செய்வார்கள், பாவம்! மீகாவை முகமூடியோடேயே நடமாடவிட்டு, வேறு ஒருவர் குரலைச் சேர்த்து, முகமூடியோடேயே சாகடித்தார்கள். கூட இருந்த நான்கு பேரும் கதறி அழுதார்கள். யாருக்காக அழுகிறோமோ அவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை ரசிகனுக்குக் காட்டக்கூட வழியில்லை. இந்தக் காட்சியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்த வரிசையில் மனித மனசுக்குள் ஆழமாக இறங்கிப் பார்த்தது என்று நான் கைகாட்டுவது, 1991-ல் வந்த 'ஜெட்மேன்'. எழுதியவர் டோஷிகி இனோவே. பழைய காமென் ரைடருக்குக் கதை எழுதிய மசாரு இகாமியின் மகன். அப்பா படைத்த வீரர்கள் கடமைக்காகத் தனிமையைச் சுமந்தவர்கள். மகனோ, 'அப்படிச் சுமந்தால் ஒருநாள் உடைந்துபோவான்' என்று எழுதினார்.

கதை இதுதான். ராணுவ வீரன் ரியூ. அவன் காதலி ரியே, அவளும் வீராங்கனை. இருவரும் சூப்பர் சக்தி பெறவிருக்கும் நேரத்தில் எதிரிகளின் தாக்குதல். ரியே அவன் கண்ணெதிரே விண்வெளியில் வீசப்பட்டுக் காணாமல் போகிறாள். மிச்சமிருந்த சக்தி பூமியில் சிதறி, சம்பந்தமே இல்லாத நான்கு பேர்மீது விழுகிறது. ஒரு காய்கறி விவசாயி (இவர்தான் மஞ்சள், பருமன்தான், மரபு விடுமா?), பணக்கார வீட்டுப் பெண் கவோரி, காசு காசு என்று பறக்கும் பள்ளி மாணவி, கூடவே சூதாட்டம், சிகரெட், சாக்ஸபோன் என்று திரியும் தெருச்சண்டியன் காய். யாரும் விண்ணப்பம் போட்டு வந்தவர்கள் அல்ல. உலகத்தைக் காப்பாற்றச் சொன்னால், 'எனக்கென்ன?' என்று திருப்பிக் கேட்கிறான் காய். நியாயமான கேள்விதானே!

ரியூவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில், கடமை. 'சொந்த விஷயத்தை வேலையில் கலக்காதே' என்பது அவன் வேதம். நெஞ்சில் காதலியின் மரணத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு மற்றவர்களை விரட்டி விரட்டி வேலை வாங்குகிறான். கவோரி அவனைக் காதலிக்கிறாள். காய், கவோரியைக் காதலிக்கிறான். ரியூ யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. போர்க்களத்தில் முதுகோடு முதுகு ஒட்டி நின்று சண்டை போடவேண்டியவர்களுக்குள் இப்படி ஒரு முக்கோணம்! காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போகும் பையனுக்காக எடுக்கிற தொடரா இது என்று பெற்றோர்கள் முணுமுணுத்தால் தப்பில்லை.

நடுவில் ரியூவுக்கு உண்மை தெரிகிறது. எதிரிப் படையில் இருக்கும் மரியா என்ற பெண்தான், நினைவு மாற்றப்பட்ட ரியே. அத்தனை நாள் கடமை பேசிய தலைவன் நொறுங்கி, கற்பனை உலகத்தில் ஒடுங்கிவிடுகிறான். அப்போது அவனை உலுக்கி எழுப்புவது யார்? அவனோடு தினம் முட்டிக்கொண்ட காய்தான். உத்தமமான தலைவனைவிட, உடைந்து எழுந்த தலைவனிடம்தான் காய்க்கு நெருக்கம் வருகிறது.

எதிர்த் தரப்பையும் பாருங்கள். அங்கே நான்கு பேர். தலைவர் கிடையாது. 'ஜெட்மேன் கூட்டத்தை யார் ஒழிக்கிறாரோ, அவர்தான் தலைவர்' என்று போட்டி வைத்துக்கொள்கிறார்கள். விளைவு, ஒருவர் ஜெயிக்கிற நேரத்தில் இன்னொருவர் காலை வாருகிறார். சின்னப் பையன் என்று மற்றவர்கள் இளப்பமாக நடத்திய டிரான், ஆத்திரத்தில் ஒரே நாளில் வாலிபனாக வளர்ந்து, தலைவனாகி, பழைய அவமானங்களுக்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிறான். அவன் கதை முடிவது ஒரு மனநோய் மருத்துவமனைப் படுக்கையில். அனுப்பிவைப்பது ஹீரோக்கள் அல்ல, சொந்தக் கூட்டாளி! லெவினின் கிளப்பில் வறுபட்ட பையன் வளர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்பதைப் போல இருக்கும் இந்தப் பகுதி.

1992 பிப்ரவரியில் கடைசி வாரம். போர் முடிந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. ரியூவுக்கும் கவோரிக்கும் கல்யாணம். நல்ல உடையில் கிளம்பி வருகிறான் காய். வழியில் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். காய் அவனை மடக்குகிறான், பையை மீட்கிறான். வயிற்றில் கத்திக்குத்து. ராட்சத மிருகங்களோடு மோதித் தப்பிய வீரனுக்கு ஒரு தெருத் திருடன் கையால் முடிவு!

காய் கல்யாணத்துக்கு வந்துவிடுகிறான். தோட்டத்து பெஞ்சில் உட்காருகிறான். பக்கத்தில் வந்து அமரும் ரியூ, 'என்னடா, முகம் வெளுத்திருக்கு?' என்கிற தோரணையில் விசாரிக்க, குடி கொஞ்சம் ஓவராகிவிட்டது என்று சமாளிக்கிறான். மற்றவர்கள் போட்டோவுக்குக் கூப்பிடுகிறார்கள். காய் மெல்லக் கண்ணை மூடிக்கொள்கிறான். கல்யாண நாளைக் கெடுக்கக்கூடாது என்ற ஒரே நினைப்பு. 'எனக்கென்ன?' என்று கேட்ட அதே ஆள்!

இனி அமெரிக்கா. ஹைம் சபான் என்ற தயாரிப்பாளர், 1980-களில் ஜப்பான் போயிருந்தபோது இந்தத் தொடர்களைப் பார்த்து மயங்கிப்போனார். நம் மஞ்சள் மீகா செத்துப்போன அதே பயோமேனை வைத்து 1986-ல் ஒரு மாதிரிப் படம் எடுத்து, வருஷக்கணக்கில் சேனல் சேனலாகக் கதவைத் தட்டினார். கடைசியில் 'ஃபாக்ஸ் கிட்ஸ்' கதவு திறந்தது. 1993 ஆகஸ்ட் 28-ல் 'பவர் ரேஞ்சர்ஸ்' ஆரம்பம். பிற்பாடு நம்ம ஊர் டி.வி.யிலும் தமிழ் பேசிக்கொண்டு குதித்தார்களே, அவர்களுடைய மூத்த அண்ணன்கள்.

இதில் ஒரு கில்லாடித்தனம் இருந்தது. முகமூடி போட்ட சண்டைக் காட்சிகளை ஜப்பானின் 'ஜூரேஞ்சர்' தொடரிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள். முகம் தெரியும் காட்சிகளை மட்டும் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துப் படமாக்கினார்கள். ஜப்பான் மூலத்தில் மஞ்சள் வீரன் ஒரு ஆண். அமெரிக்காவிலோ ட்ரினி என்ற பெண். அதனால்தான் இளஞ்சிவப்புக்காரிக்குக் குட்டைப் பாவாடை இருக்கும், மஞ்சளுக்கு இருக்காது! ட்ரினியாக நடித்தவர் துய் டிராங். சிறுமியாக வியட்நாமிலிருந்து அகதியாக வந்தவர்.

மூலக்கதையின் மனசையும் தலைகீழாகத் திருப்பினார்கள். ஜப்பானில் பச்சை வீரன் புராய், தலைவன் கெகியின் அண்ணன். அப்பாவைக் கொன்ற அரசனால் வளர்க்கப்பட்டவன் தம்பி. அதனால் தம்பிமேலேயே பழிவாங்கும் வெறி. மனம் மாறித் திரும்பும்போது அவனுக்கு மிச்சமிருக்கும் ஆயுள் 30 மணி நேரம்தான். ஒரு பச்சை மெழுகுவத்தி எரிந்து தீரும்வரை. தீர்ந்தது, செத்துப்போனான். அமெரிக்காவில் அதே மெழுகுவத்தி டாமியின் சக்தியை மட்டும் அணைத்தது. உயிரைத் தொடவில்லை. காரணம், நடிகர் ஜேசன் டேவிட் ஃபிராங்க்மேல் பிள்ளைகளுக்குத் தனி மோகம். வெள்ளை உடையில் திரும்பி வந்து, தலைவனாகவே ஆனார் டாமி. அதுவரை தலைவனாக இருந்த ஜேசன் என்ற சிவப்பு, முறுக்கிக்கொள்ளாமல் ஒதுங்கி நின்றான். அப்படி நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். கதையில் நடந்தது!

கதைக்கு வெளியே? 1993 கிறிஸ்துமஸுக்கு பவர் ரேஞ்சர் பொம்மை கிடைக்காமல் அமெரிக்கப் பெற்றோர்கள் கடை கடையாக அலைந்தார்கள். ஆனால் இது நடிகர் சங்க ஒப்பந்தத்துக்கு உட்படாத தொடர். நடித்த பிள்ளைகளுக்குச் சம்பளத்தில் மனத்தாங்கல். 1994-ல் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், மூவரும் சேர்ந்தே வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்களில் நீல வீரன் பில்லியாக நடித்த டேவிட் யோஸ்ட், இன்னும் சில காலம் தாக்குப்பிடித்துவிட்டு அவரும் போனார். தன்பால் ஈர்ப்பைச் சொல்லிச் சொல்லிப் படப்பிடிப்பில் கேவலப்படுத்தியதுதான் காரணம் என்று 2010-ல் அவரே மனம் திறந்தார். திரையில் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கும் குழு!

மூவர் போன பிறகும் தொடர் நிற்கவில்லை. முகமூடி இருக்கிறதே! சில வாரங்களுக்கு மூவரும் பெரும்பாலும் முகமூடியோடேயே நடமாடினார்கள். குரல் வேறு யாருடையதோ. பழைய காட்சிகளிலிருந்து கத்தரித்த முகங்கள் அவ்வப்போது வந்துபோயின. பிறகு விடைகொடுக்கும் காட்சி. ஸ்விட்சர்லாந்தில் நடக்கும் அமைதி மாநாட்டுக்கு மூவரும் தேர்வாகிவிட்டார்களாம்! சம்பளச் சண்டையில் போனவர்களுக்குக் கதாசிரியர்கள் கொடுத்த காரணம் உலக சமாதானம்.

புதிதாக வந்த மூவரிடம் சக்தியை ஒப்படைக்கிறார்கள். சிவப்பு இன்னொருவனுக்கு, கறுப்பு இன்னொருவனுக்கு, மஞ்சள் ஆயிஷா என்ற பெண்ணுக்கு. மற்றவர்கள் கண்ணீரோடு வழியனுப்புகிறார்கள். கேமரா, போகிறவர்கள் முகத்தைக் காட்டாமல் சாமர்த்தியமாக ஒதுங்கிக்கொள்கிறது. ட்ரினியின் உடையில் அன்றைக்கு நின்றது துய் டிராங் அல்ல. அவர் 2001-ல், 27 வயதில், ஒரு கார் விபத்தில் இறந்துபோனார்.